டின்னில் கிடக்கும் பழைய வெளிநாட்டுக் காசுகள்: நாடும் ஆண்டும் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இது: வெள்ளவத்தையில் ஒரு வீடு. கப்பல் கம்பனியில் வேலை பார்த்த அப்பப்பா விட்டுப்போன பிஸ்கட் டின்னில் முந்நூறு அளவில் நாணயக் குற்றிகள். சிலவற்றில் ஆங்கிலம், பலவற்றில் அரபு மாதிரி எழுத்து, சிலவற்றில் ஒன்றுமே தெரியவில்லை. எது எந்த நாடு, எந்தக் காலம், பெறுமதி உள்ளது எது? கழுவிப் பார்க்கலாம் என்று பழப்புளி கரைத்து வைத்திருக்கிறோம், சரியா?

முதலில் அந்தப் பழப்புளியைக் குழம்புக்கு அனுப்பிவிடுங்கள். புளி, தேசிக்காய், வினாகிரி, பற்பசை, பிராசோ எதுவும் வேண்டாம். அமிலம் அழுக்கோடு சேர்த்துச் செம்பின் மேற்பரப்பிலும் ஒரு படையைக் கரைத்துவிடும். காசு இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். ஆனால் ஏற்கெனவே தேய்ந்திருந்த ஆண்டின் கடைசி இலக்கமும், அதன் கீழே கடுகளவில் இருந்த நாணயச்சாலைக் குறியும் போய்விடும். இனங்காண உதவுவது அந்த இரண்டும்தான். விற்கப் போனாலும், தேய்த்த காசை ஒரு பார்வையில் கண்டுபிடித்து விலையை அரைவாசிக்கும் கீழே இறக்கிவிடுவார்கள்.

செய்யக்கூடியது கொஞ்சம்தான். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு நாள் ஊறவிட்டு, தேய்க்காமல் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் சுத்தமான அசிற்றோன். நகப்பூச்சு அகற்றி என்று விற்பதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது சரிவராது. கண்ணாடிக் கிண்ணத்தில், யன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தூரமாகச் செய்யுங்கள். பழைய அல்பங்களின் மென்மையான பிளாஸ்ரிக் உறை கொழும்பு வெக்கையில் இளகி, காசின் மேல் பச்சைப் பசையாகப் படியும். அதற்கும் அசிற்றோன்தான். கரும்பச்சையாக, இறுகி, வழவழப்பாக இருக்கும் படிவு செம்பைக் காப்பாற்றுவது, அதைத் தொடவேண்டாம். விரலில் மாவாக ஒட்டும் வெளிர்பச்சைத் தூள் வேறு விஷயம். உப்புக்காற்றில் இருக்கும் குளோரைட்டு செம்பை உள்ளிருந்து அரிக்கிறது. அப்படிப்பட்டதைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல் பையோடு மூடிவையுங்கள், மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு, விட்டம் அளக்க வேணியர் இடுக்கிமானி (பிளாஸ்ரிக் வாய் உள்ளது நல்லது, உருக்கு வாய் கீறும்), பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்காரர் லென்ஸ், ஒரு காந்தம், ஒரு சிறு டோர்ச். நகைக்காரர் தராசும் லென்ஸும் செட்டியார் தெருப் பக்கம் தேடினால் கிடைக்கும். தராசை நம்புவதற்கு முன் சோதியுங்கள்: அமெரிக்க 5 சதக் குற்றி 5.00 கிராம், 1 யூரோ 7.50 கிராம். டின்னிலேயே இவற்றில் ஒன்று இருக்க வாய்ப்புண்டு.

இனிப் பிரிப்பது. வெள்ளைத் துணி விரித்து, எழுத்தை மட்டும் பார்த்துக் குவியலாக்குங்கள். பெரும்பாலானவர்கள் வெள்ளி நிறம், செம்பு நிறம், பெரிது, சிறிது என்று பிரித்துவிட்டுப் பிறகு மாட்டுப்படுவார்கள். ஒரே அளவு, ஒரே உலோகம் இருபது நாடுகளில் இருக்கும், எழுத்து அப்படியில்லை. இலத்தீன் எழுத்து ஒரு குவியல், அரபு எழுத்து ஒன்று, தேவநாகரி ஒன்று, சீன, ஜப்பானிய எழுத்து ஒன்று, தாய், பர்மிய வட்டமான எழுத்து ஒன்று, ரஷ்ய, கிரேக்க எழுத்து ஒன்று, ஒன்றும் தெரியாதவை கடைசி. தமிழ் எழுத்து இருந்தால் உடனே நம்முடையது என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1870 முதலான இலங்கைச் சதங்களில் தமிழ் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் 1985இல் தொடங்கிய சிங்கப்பூர் வரிசையிலும் இருக்கிறது, கிழக்கிந்தியக் கம்பனி சென்னையில் வெளியிட்ட ‘பணம்’, ‘பகோடா’ என்ற காசுகளிலும் இருக்கிறது.

இலத்தீன் எழுத்துக் குவியலில் செய்யும் முதல் பிழை, தலையைப் பார்த்து நாட்டைச் சொல்வது. விக்டோரியாவின் தலை இலங்கை, இந்தியா, நீரிணைக் குடியேற்றங்கள் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா), ஹொங்கொங், மொரீசியஸ், கனடா எல்லாவற்றின் காசிலும் இருக்கும். தலையைச் சுற்றியிருக்கும் சுருக்கி எழுதிய இலத்தீன் பட்டங்கள் அரசரைத்தான் சொல்கின்றன. நாட்டின் பெயர் மறுபக்கத்தில், பெறுமதியோடு இருக்கும். பிரித்தானிய அரசர் தலை இருந்து, எந்தப் பக்கத்திலும் நாட்டின் பெயர் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் பிரித்தானியாவின் சொந்தக் காசு. பட்டங்கள் காலத்தைக் காட்டும்: இந்திய ரூபாவில் விக்டோரியா ‘குயின்’ என்றிருந்தால் 1862 முதல் 1876 வரை, ‘எம்ப்ரஸ்’ என்றிருந்தால் 1877க்குப் பிறகு. ஆறாம் ஜோர்ஜின் பிரித்தானியக் காசுகளில் ‘இந்தியப் பேரரசர்’ என்பதன் சுருக்கம் 1949இலிருந்து காணாமற்போகிறது.

ஆண்டின் கீழோ ஓரத்திலோ ஒரு சிறிய ‘எச்’ இருந்தால் ஹொலண்ட் என்றோ ஹொங்கொங் என்றோ எழுதிவிடாதீர்கள். அது பர்மிங்ஹாமில் இருந்த ஹீற்றன் நாணயச்சாலையின் குறி. பல நாடுகளுக்கு அங்கே அடித்துக் கொடுத்தார்கள். ‘கே.என்.’ என்பது அதே ஊர்ப் பக்கத்துக் கிங்ஸ் நோர்ட்டன். சுதந்திர இந்தியக் காசுகளில் ஆண்டின் கீழே வைர வடிவம் என்றால் பம்பாய், நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றும் இல்லை என்றால் கல்கத்தா.

ஐரோப்பிய நாடுகள் தங்கள் பெயரைத் தங்கள் மொழியில்தான் எழுதும், அதனால் ஆங்கிலப் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஹெல்வெற்றியா என்றால் சுவிற்சர்லாந்து, சுவோமி பின்லாந்து, ஸ்வேரிய சுவீடன், நோர்க நோர்வே, மக்யார் என்று தொடங்கினால் ஹங்கேரி, எய்ரே அயர்லாந்து, ஷ்கிப்பேரி என்று வந்தால் அல்பேனியா. ஆங்கில சீ மூன்றும் பீ ஒன்றும் போலத் தெரிவது ரஷ்ய எழுத்து; அது சோவியத் யூனியன்.

அரபு எழுத்துக் குவியல்தான் கொழும்பு வீடுகளில் பெரிதாக இருக்கும். வளைகுடாவில் வேலை செய்து வந்தவர்கள் கொண்டுவந்தது, ஹஜ் போய் வந்தவர்கள் கொண்டுவந்தது, கப்பல்காரர் ஏடனிலும் பஸ்ராவிலும் சேர்த்தது எல்லாம் இதில் கலந்திருக்கும். இங்கே எழுத்தை வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பத்து இலக்கங்களைப் படித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சுழியம் வெறும் புள்ளி. ஒன்று நேர்கோடு. இரண்டு, தலையில் ஒரு கொக்கி வைத்த கோடு. மூன்று, இரண்டு கொக்கி. நான்கு, ஆங்கில 3ஐக் கண்ணாடியில் பார்த்தது போல. ஐந்து ஒரு சிறு வட்டம். ஆறு நாம் எழுதும் 7 போல, ஏழு ஆங்கில வீ எழுத்து, எட்டு அதே வீ தலைகீழாக. ஒன்பது நம்முடைய 9தான். எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும் எண்ணை இடமிருந்து வலமாகவே வாசிக்கவேண்டும். எல்லாரும் தவறும் இடம் ஐந்து. வட்டத்தைப் பார்த்ததும் சுழியம் என்று நினைத்து 1354ஐ 1304 என்று எழுதிவிடுவார்கள். ஐம்பது வருடம் பிழைத்துவிடும். பாரசீக, உருது வடிவத்தில் ஐந்து தலைகீழ் இதயம் போல இருக்கும். நான்கும் ஆறும் கூட வேறு வடிவம். ஈரான், ஆப்கானிஸ்தான், ஹைதராபாத் காசுகளில் இதை எதிர்பாருங்கள்.

கிடைத்த எண் பெரும்பாலும் ஹிஜ்ரி ஆண்டு. சந்திர வருடம் நம்முடையதை விட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால் வெறுமனே 622 கூட்டினால் போதாது. ஹிஜ்ரியை 33ஆல் வகுத்து வருவதை அதிலிருந்து கழித்து, பிறகு 622 கூட்டுங்கள். சவூதி ரியால் ஒன்றில் 1354 இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்: 1354ஐ 33ஆல் வகுக்க 41, கழித்தால் 1313, 622 கூட்டினால் 1935. அந்த ரியால் தராசில் 11.6 கிராம் அளவு காட்டும், 91.7% வெள்ளி. அப்போதைய இந்திய ரூபாவின் நிறையும் தரமும் அதே. அந்த நிறையும் 1354உம் சேர்ந்து வந்தால் சந்தேகப்படத் தேவையில்லை.

ஈரான் இந்தக் கணக்குக்குள் வராது. 1925 வாக்கில் அங்கே சூரிய வருடத்துக்கு மாறினார்கள். அதன் பிறகு 621 கூட்டினால் போதும். 1976 முதல் 1978 வரை ஷாவின் பேரரசு ஆண்டு என்று 2535, 2536, 2537 என்ற எண்களைப் போட்டார்கள். இவற்றைத் தாய்லாந்து என்று எண்ணித் தவறான குவியலில் போடுவது வழக்கம். சிங்கமும் வாளும் சூரியனும் இருந்தால் 1979க்கு முந்திய ஈரான்.

படமே இல்லாமல் சிக்கலான முடிச்சுப் போல ஒரு கையொப்பம் இருந்தால் அது உதுமானிய சுல்தானின் துக்ரா. இங்கே ஆண்டு இரண்டு துண்டாக இருக்கும். கீழே பெரிய எண் சுல்தான் பட்டமேறிய வருடம்; மேலே தனியாக நிற்கும் சிறிய எண் அவர் ஆட்சியின் எத்தனையாவது வருடம் என்பது. கீழே 1327, மேலே 3 என்றால் 1327உடன் 2 கூட்டி 1329, அதாவது 1911. இதை அறியாமல், 1327இல் பட்டமேறிய ஐந்தாம் மெஹ்மத்தின் எல்லாக் காசையும் 1909 என்று எழுதிவைப்பவர்கள் ஏராளம். 1293 என்றால் இரண்டாம் அப்துல் ஹமீத் பட்டமேறிய 1876. எகிப்துக் காசிலும் இதே துக்ரா, இதே ஆண்டு முறைதான்; அடித்த ஊரின் பெயரைப் பாருங்கள். ‘மிஸ்ர்’ என்ற குட்டைச் சொல் என்றால் எகிப்து, ‘கொஸ்தந்தினிய்யா’ என்ற நீண்ட சொல் என்றால் துருக்கி. அரபு வாசிக்கத் தெரிந்த அயலவர் ஒருவரிடம் காட்டினால் இந்த ஒரு சொல்லை உடனே சொல்லிவிடுவார். பாரசீகச் சொல்லும் பழைய கொடியெழுத்தும் வந்தால் அவருக்கும் சிரமம்தான்.

மற்றவை எளிது. கோப்பிக் கூசா படம் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பாய்க்கப்பல் குவைத், ஈச்சமரமும் குறுக்கு வாள்களும் சவூதி, சார்மினார் ஹைதராபாத் நிஜாம். மாலைதீவுக் காசு நம் பக்கத்தில் நிறைய வரும்: 1331 என்று இருக்கும் ‘லாரி’ என்ற காசுகள் 1913இல் பர்மிங்ஹாமில் அடித்தவை. அதற்கு முந்தியவை பெரும்பாலும் கையால் அடித்த, ஒழுங்கில்லாத சிறு குற்றிகள். காசே இல்லை என்று எறியக்கூடிய ஒன்றும் உண்டு: கொக்கி போல மடித்த வெள்ளிக் கம்பி, அதில் அரபு எழுத்தின் துண்டு ஒன்று முத்திரையாக அழுந்தியிருக்கும். அது பழைய லாரின், இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் பணமாக ஓடியது.

தேவநாகரிக் குவியலில் ஆண்டு 1900, 2000 என்று இருந்து காசு அதைவிடப் பழையதாகத் தெரிந்தால் அது விக்கிரம ஆண்டு, 57 கழியுங்கள். பரோடாவின் 1949 என்பது 1892. நேபாளமும் இதே கணக்கு. தாய்லாந்து பௌத்த ஆண்டு. 543 கழிக்கவேண்டும், 2505 என்றால் 1962. இலங்கை வெசாக் கணக்குப்படி 544 கழித்துப் பழகியவர்கள் இங்கே ஒரு வருடம் தவறுவார்கள். மயில் தோகை விரித்த பர்மிய வெள்ளிக் காசில் இருக்கும் 1214, மின்டோன் மன்னர் பட்டமேறிய 1852–53.

சீன, ஜப்பானிய எழுத்தைப் பார்த்துப் பயப்படவேண்டாம். நடுவில் சதுர ஓட்டை உள்ள வெண்கலக் காசில் நான்கு எழுத்து இருக்கும். மேல், கீழ், பிறகு வலது, இடது என்று வாசிக்கவேண்டும். மேலும் கீழும் உள்ள இரண்டுதான் பெரும்பாலும் ஆட்சிப் பட்டம், அதை வைத்தே காலம் கண்டுபிடிப்பார்கள். பின்பக்கம் கொடி போல வளைந்த மஞ்சூ எழுத்து இருந்தால் சிங் வம்சம். யாப்பகூவாவில் அகழ்ந்தபோது சீனக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் வீட்டு டின்னில் இருப்பது பெரும்பாலும் சிங்கப்பூர், பினாங்கில் வாங்கிய நினைவுப் பொருள். சீனக் குடியரசுக் காசில் ஆண்டு எண்ணோடு 1911 கூட்டுங்கள், தைவானுக்கும் அதுவே. ஜப்பானில் அரசரின் சகாப்தம்: மெய்ஜி என்றால் 1867 கூட்டவேண்டும், தைஷோ 1911, ஷோவா 1925, ஹெய்செய் 1988. போருக்கு முந்திய ஜப்பானியக் காசில் எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். இடமிருந்து வாசித்தால் சகாப்தத்தின் பெயரே கிடைக்காது.

ஓட்டையும் சதுரமும் நல்ல துப்பு, அதேநேரம் பொறியும்கூட. பெரிய ஓட்டையுள்ள மெல்லிய வெண்கலக் காசு 1943 முதல் 1947 வரை வந்த இந்தியப் பைசா. ஓட்டையைச் சுற்றி யானைத் தந்தம் வளைந்திருந்தால் கிழக்கு ஆபிரிக்கா. ஆறுமுனை நட்சத்திரம் இருந்தால் இஸ்ரேல் என்று எழுதத் தோன்றும், ஆனால் அது பிரித்தானிய மேற்கு ஆபிரிக்காவின் பென்னியாக இருக்கலாம். ஆங்கிலம், அரபு, ஹீப்ரு மூன்றும் ஒரே காசில் இருந்தால் பிரித்தானிய ஆட்சிக்காலப் பலஸ்தீனம், 1927இலிருந்து. மூலை மழுங்கிய சதுரம் என்றவுடன் நமக்கு 1909இலிருந்து வந்த இலங்கை ஐந்து சதம்தான் ஞாபகம் வரும். அதே வடிவில் இந்திய இரண்டு அணாவும், நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு சதமும், நெதர்லாந்தின் ஐந்து சென்ற்றும் உண்டு.

இனி, இலங்கைக் கரையில் ஓடிய ஒல்லாந்தச் செம்புக் காசு. வெளிநாட்டுக் காசு என்ற பெயரில் கொழும்பு வீடுகளில் அதிகம் வருவது இதுதான் என்பதால் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம். 21 மில்லிமீற்றர், 3 கிராம் அளவு. ஒரு பக்கம் பெரிய வீ எழுத்து, அதன் இரு கைகளிலும் ஓவும் சீயும் கோர்த்திருக்கும், கீழே ஆண்டு. அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் டொய்ட், 18ஆம் நூற்றாண்டு. எந்த மாகாணம் அடித்தது என்பது மறுபக்கக் கேடயத்தில் இருக்கிறது. எழுந்து நிற்கும் ஒற்றைச் சிங்கம் ஹொலண்ட். அலைகளிலிருந்து பாதி உடம்போடு எழும் சிங்கம் சீலண்ட். ஒன்றின் மேல் ஒன்றாக நடக்கும் இரண்டு சிங்கங்கள் மேற்கு பிரீஸ்லண்ட். ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு என்றால் கெல்டர்லண்ட். கேடயம் மூலைவிட்டமாகப் பிரிந்து, வெளியே இரு பக்கமும் சிங்கங்கள் தாங்கிப் பிடித்தால் உத்ரெக்ட். தேய்ந்த காசில் சீலண்டையும் ஹொலண்டையும் பிரிக்க, டோர்ச்சைப் பக்கவாட்டில் மேசையோடு ஒட்டிப் பிடியுங்கள்; சிங்கத்தின் இடுப்புக்குக் கீழே கோடுகோடாக அலை நிழல் விழுந்தால் சீலண்ட்.

இதே வீ-ஓ-சீ குறி, தடித்த, ஒழுங்கில்லாத செம்புக் கட்டியில் இருந்து, குறிக்கு மேலே ஒரு எழுத்தும் இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அது இலங்கையிலேயே அடித்த ஸ்ரூய்வர்: சீ கொழும்பு, ஜீ காலி, ஐ யாழ்ப்பாணம், ரீ திருகோணமலை. டொய்ட்டை விட இவற்றுக்கு நாட்டம் அதிகம்.

யானைக் காசுகளிலும் குழப்பம் உண்டு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் 48, 24, 12 என்று எண் இருந்தால் பிரித்தானிய இலங்கையின் முதல் வரிசை, 1801இலிருந்து. எண், இறைசாலில் (ரிக்ஸ் டொலர் என்ற அக்காலப் பண அலகு) எத்தனையில் ஒரு பங்கு என்பதைச் சொல்கிறது, ஆகவே 12 தான் பெரியது. யானையின் பின்பக்கம் பாரசீக எழுத்து இருந்தால் மைசூர், திப்பு சுல்தான். அவருடைய பிற்கால ஆண்டுகளை வலமிருந்து இடமாக வாசிக்கவேண்டும். கன்னடமும் ஆங்கிலமும் இருந்தால் அவருக்குப் பின் வந்த உடையார் காலம்.

1808 என்று ஆண்டு போட்ட, அதிசயமாகத் தேயாமல் இருக்கும் சென்னைக் கம்பனிச் செம்புக்காசு, பத்துக் காஷ் அல்லது இருபது காஷ், கிடைத்தால் அரிது என்று முடிவெடுக்காதீர்கள். 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இந்தக் காசுகளோடு மூழ்கியது. 1980களில் அதை வெளியே எடுத்தபோது ஏராளமாகச் சந்தைக்கு வந்துவிட்டன.

போலிகள் பற்றி. கிழக்கிந்தியக் கம்பனி பெயரும் 1818 போன்ற ஆண்டும் போட்டு, மறுபக்கம் ராமர், அனுமன், லட்சுமி இருக்கும் ‘ஒரு அணா’, ‘அரை அணா’ எல்லாம் பிற்காலத்தில் கடைத்தெருவில் அடித்த வில்லைகள். கம்பனி அப்படி ஒரு காசும் வெளியிடவில்லை. அரிசி இழுக்கும், லட்சக்கணக்கில் போகும் என்று யாரும் போன் செய்தால் அது நாணயம் பற்றிய பேச்சே இல்லை, மோசடி. ராமர் பட்டாபிஷேக வில்லைகள் கோவில் நினைவுப் பொருள்கள். வெள்ளியில் இருந்தால் வெள்ளி விலை. 19ஆம் நூற்றாண்டில் கொழும்புக் கோப்பி ஆலைகள் கூலியாட்களுக்குக் கொடுத்த டோக்கன்கள் வேறு சாதி. அவற்றைக் காசல்ல என்று எறியாதீர்கள், தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய வெள்ளிக் காசுகளில்தான் போலி அதிகம்: சீன யுவான் ஷிகாய் டொலர், பிரித்தானிய வணிக டொலர் (26.95 கிராம்), மரியா தெரேசா தாலர் (28.07 கிராம்). தாலரில் 1780 என்ற ஆண்டைப் பார்த்து மகிழவேண்டாம். அந்த ராணி இறந்த பிறகும் அதே ஆண்டைப் போட்டு 20ஆம் நூற்றாண்டு வரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தால் அச்சில் வார்த்தது, போலி. மேற்பரப்பில் சோப்பு நுரை போலச் சிறு குழிகள் இருந்தாலும் அப்படியே.

உறுதியான சோதனை அடர்த்தி. தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துச் சுழியம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் ஆட்டி அகற்றுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் உலர் நிறையை வகுத்தால் அடர்த்தி. 11.66 கிராம் ரூபா 1.12 காட்டினால் அடர்த்தி 10.4, அதாவது 91.7% வெள்ளிக்குச் சரி. 1.31 காட்டினால் 8.9, செம்போ செப்பு-நிக்கலோ; வெள்ளி முலாம். சிறிய காசில் இந்தச் சோதனை நம்பகமில்லை; 0.01 கிராம் பிழையே முடிவை மாற்றிவிடும்.

காந்தத்தை அவசரமாக நம்பவேண்டாம். ஒட்டினால் போலி என்பது வெள்ளிக்குச் சரி, எல்லாவற்றுக்கும் இல்லை. 1946, 1947 இந்திய ரூபா சுத்த நிக்கல், காந்தம் பிடிக்கத்தான் வேண்டும். பிடிக்காத 1947 ரூபாதான் சந்தேகத்துக்குரியது. 1992இலிருந்து பிரித்தானியாவின் ஒரு, இரண்டு பென்ஸ் செம்பு முலாமிட்ட உருக்கு, அதுவும் ஒட்டும்.

பெறுமதியை ஆகக் கடைசியில் பாருங்கள். டின்னில் பெரும்பகுதி சில்லறை விலைக்குத்தான் போகும். வெள்ளி உள்ளவற்றை மட்டும் முதலில் ஒதுக்கினால் போதும். பிரித்தானியாவின் வெள்ளிக் காசுகள் 1919 வரை 92.5%, 1920 முதல் 1946 வரை 50%, அதன் பிறகு வெள்ளியே இல்லை. இந்திய ரூபா 1939 வரை 91.7%, 1940 முதல் 1945 வரை 50%. அமெரிக்கப் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதங்கள் 1964 வரை 90%. கிழக்கு ஆபிரிக்க ஷில்லிங் 1921 முதல் 1946 வரை 25% மட்டும். நகைக்கடைக்காரர் நிறைக்குத்தான் விலை சொல்வார். இலங்கை ஸ்ரூய்வரையும் அரிய ஆண்டு ரூபாவையும் அவரிடம் கொண்டுபோய் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

சட்டம் ஒன்று தெரிந்திருக்கவேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, இலங்கையில் இருக்கும் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய நாணயங்களும் தொல்பொருள்கள். டொய்ட், ஸ்ரூய்வர், ‘சேது’ என்று தமிழில் பொறித்த யாழ்ப்பாண அரசர் காசு, பொலன்னறுவை மன்னர் பெயர் நாகரியில் உள்ள மாசா, தேய்ந்த சிறு உரோமச் செம்புக்காசு எல்லாம் இதில் அடங்கும். தொல்பொருளியல் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்பமுடியாது. கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்குத் தபாலில் போடலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

மிஞ்சிய, தெரியாதவற்றுக்கு: ஒவ்வொன்றையும் தனிக் கடதாசி உறையில் இட்டு, எண் போட்டு, நிறை, விட்டம், விளிம்பு (வழுவழுப்பா, கோடா, எழுத்தா), காந்தம், தெரிந்த இலக்கங்கள் ஆகியவற்றை எழுதுங்கள். கூகுள் லென்ஸ் ஒத்த படத்தைத்தான் காட்டும். துக்ராவைக் கண்டால் எல்லாம் துருக்கி என்று சொல்லிவிடும். அதன் பதிலை, நாணயங்களைப் பட்டியலிடும் நுமிஸ்டா என்ற இணையதளத்தில் நிறை, விட்டத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். தேய்மானத்தால் நிறை கொஞ்சம் குறையலாம், ஆனால் அதிகரிக்காது. இலங்கையோடு தொடர்புள்ளவற்றைக் கண்ணால் ஒப்பிட, கோட்டை சாத்தம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலையும் கொழும்பு தேசிய நூதனசாலையும் இருக்கின்றன. யாரிடமாவது கேட்கும்போது இரு பக்கப் படத்தோடு விளிம்பின் படமும் நிறையும் சேர்த்து அனுப்புங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், ஒரு படத்துக்கு ஒரு காசு.